மேசையில் ஆளில்லை, உட்கார இடமுமில்லை: கணினி நினைவகம் கசியும் கதை

கைப்பேசி மந்தமானால் முதலில் என்ன செய்கிறோம்? அணைத்துவிட்டு மறுபடி முடுக்குகிறோம். பள்ளிக் கற்றல் சாதனம் உறைந்து நின்றாலும் அதே வைத்தியம்தான். பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. ஏன் பலிக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அணைத்து முடுக்குவதால் சாதனத்தின் எந்தப் பாகமும் மாறுவதில்லை. மென்பொருளில் ஓர் எழுத்துகூடத் திருத்தப்படுவதில்லை. ஆனாலும் சற்றுமுன் திணறிய கருவி, குளித்து வந்ததுபோல் சுறுசுறுப்பாகிவிடுகிறது.

மாறியது ஒன்றுதான். ராம் என்று நாம் சொல்லும் தற்காலிக நினைவகம் காலியாகிவிட்டது. மின்சாரம் இருக்கும்வரைதான் அதில் தகவல் தங்கும். மின்சாரம் போனதும், தேவையானது, தேவையில்லாதது எல்லாமே போய்விடும். அடைத்துக்கொண்டிருந்த குப்பையும் அத்துடன் போவதால்தான் கருவிக்கு மூச்சு வருகிறது.

வீட்டில் இந்த வைத்தியம் போதும். ஆனால் ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் வேலைகளை ஒரே கூரையின்கீழ் சுமக்கும் தரவு நிலையத்தில் அது அத்தனை எளிதல்ல. அங்கே அணைத்து முடுக்குவது சில மணி நேரத்துக்கு நிம்மதி தரும்; அதே நேரத்தில் கோளாறு எங்கிருந்து வந்தது என்பதற்கான தடயத்தையும் துடைத்துவிடும்.

டிஷ்யூ வைத்துப் பிடித்த மேசை

மதிய உணவு நேரத்தில் ஓர் உணவங்காடி நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேசைகள்தான் நினைவகம். சாப்பிட வருவோர்தான் மென்பொருள்கள். ஒரு மென்பொருள் வேலையைத் தொடங்கும்போது "எனக்கு இத்தனை மேசை வேண்டும்" என்று இயங்குதளத்திடம் கேட்டு வாங்குகிறது. வேலை முடிந்ததும் திருப்பித் தரவேண்டும்.

சி, சி++ போன்ற மொழிகளில் திருப்பித் தரும் பொறுப்பு நிரல் எழுதுபவருடையது. 2021 செப்டம்பர் முதல் நம் உணவங்காடி நிலையங்களில் தட்டை நாமேதான் திருப்பி வைக்கவேண்டும் என்ற விதி நடப்பில் இருக்கிறதே, அதுபோலத்தான். ஒருவர் மறந்தால் ஒரு மேசை வீண். ஒரு நிரல் ஒவ்வொரு முறையும் மறந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு மேசை வீண். இப்படித் திரும்பி வராத நினைவகம் சேர்ந்துகொண்டே போவதைத்தான் நினைவகக் கசிவு என்கிறோம். கசிவு என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். எதுவும் வெளியே ஒழுகுவதில்லை. எல்லாம் உள்ளேயேதான் இருக்கிறது, ஆனால் யாருக்கும் பயன்படாமல்.

ஜாவா, பைத்தன் போன்ற மொழிகளில் இதற்கென்றே ஒரு துப்புரவுப் பணியாளர் உண்டு. கார்பேஜ் கலெக்டர் என்று பெயர். யாருக்கும் தேவைப்படாத நினைவகத்தைத் தேடித் தேடிச் சுத்தம் செய்வது அதன் வேலை. "அப்படியென்றால் ஜாவாவில் கசிவே வராதே?" என்று வகுப்பில் எப்போதும் ஒருவர் கேட்பார். வரும். நம் ஊரில் மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்து இடம் பிடிக்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டலம் இருக்கும் மேசையைப் பணியாளர் தொடமாட்டார். யாரோ வரப்போகிறார் என்று நினைப்பார். வைத்தவர் வீட்டுக்கே போய்விட்டார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நிரலின் ஏதோ ஒரு மூலையில் உள்ள பட்டியல், பழைய தகவல் ஒன்றை இன்னும் சுட்டிக்கொண்டிருந்தால் அதுதான் டிஷ்யூ பொட்டலம். அந்தத் தகவல் இனி ஒருபோதும் தேவைப்படாமல் இருக்கலாம். சுட்டல் இருக்கும்வரை கலெக்டர் அதை எடுக்காது.

மென்பொருளாக மாறிய சுவிட்ச்

பள்ளிக் கணினிக்கூடத்தில் வரிசையாகத் துளைகளும் மினுக்கும் பச்சை விளக்குகளும் உள்ள பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் சுவிட்ச். கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பது அதன் வேலை. தரவு நிலையத்தில் ஒரே இரும்புப் பெட்டிக்குள் பல மெய்நிகர்க் கணினிகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும், தான் மட்டுமே அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரன் என்ற நினைப்பில் ஓடும். காலையில் பிறந்து மாலையில் அழிக்கப்படும் மெய்நிகர்க் கணினிகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் யாராவது கம்பி இழுத்துக்கொண்டிருக்க முடியுமா? அதனால் சுவிட்ச், ரௌட்டர், பாதுகாப்புத் தடுப்பான் எல்லாவற்றையும் மென்பொருளாகவே எழுதிவிட்டார்கள். இதற்குப் பெயர் மெய்நிகர்க் கட்டமைப்பு.

இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர் மார்ட்டின் கசாடோ. அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவராக இருந்தவர். பேராசிரியர்கள் நிக் மெக்கியோன், ஸ்காட் ஷென்கர் இருவருடனும் சேர்ந்து 2007ல் அவர் நிசிரா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2012ல் விஎம்வேர் நிறுவனம் அதை ஏறக்குறைய 1.26 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அந்த வேரிலிருந்து வளர்ந்ததுதான் என்எஸ்எக்ஸ் என்ற மென்பொருள்.

இப்படி நூற்றுக்கணக்கான மெய்நிகர் சுவிட்ச்சுகளுக்கு உத்தரவிட ஒரு தலைமையகம் வேண்டும். எந்தக் கணினி எதோடு பேசலாம், எந்தக் கதவு மூடியிருக்கவேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்து அனுப்பும் நிர்வாக மென்பொருள்தான் அது. அதுவும் ஒரு மெய்நிகர்க் கணினிக்குள்தான் ஓடுகிறது. என்எஸ்எக்ஸின் நடுத்தர அளவு நிர்வாகிக்கு 24 கிகாபைட் நினைவகம் ஒதுக்கச் சொல்கிறார்கள். அதுவும் ஒன்று போதாது, மூன்று சேர்ந்து ஒரு குழுவாக ஓடவேண்டும். உங்கள் கற்றல் சாதனத்தின் நினைவகம் எவ்வளவு என்று பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இந்த நிர்வாகியின் நினைவகம் தீர்ந்து அது மயங்கி விழுந்தால் கட்டமைப்பே நின்றுவிடுமா? நிற்காது. பேருந்துச் சேவையின் கட்டுப்பாட்டு அறையில் விளக்கு அணைந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். சாலையில் இருக்கும் ஓட்டுநர்கள் காலையில் கொடுத்த தடத்திலேயே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பயணிகளுக்கு எதுவும் தெரியாது. ஆனால் ஒரு சாலை திடீரென மூடப்பட்டால், புதுத்தடம் சொல்ல ஆளில்லை. மெய்நிகர்க் கட்டமைப்பிலும் இதே நிலைதான். ஏற்கெனவே கொடுத்த விதிகளின்படி தகவல் ஓடிக்கொண்டிருக்கும். புதிய கணினியை இணைக்க முடியாது. ஒரு தாக்குதல் நடக்கிறது, இந்தக் கதவை உடனே மூடு என்று உத்தரவிடவும் முடியாது. அந்த வேளை வரும்வரை எல்லாம் நலமாக இருப்பதுபோலவே தோன்றும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பயமூட்டும் விஷயம் இந்த அமைதிதான்.

விழுந்தவர் ஒருவர், தள்ளியவர் வேறொருவர்

நினைவகம் தீரும்போது எந்த மென்பொருளும் "எனக்கு நினைவகம் போதவில்லை" என்று நேராகச் சொல்வதில்லை. முதலில் நிர்வாகப் பக்கம் திறக்கத் தாமதமாகும். பிறகு உள்நுழையும்போது வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு சேவை நின்றுவிட்டதாகச் சிவப்பு விளக்கு எரியும், சில நிமிடங்களில் தானே பச்சையாகும், மறுபடி சிவக்கும். பார்ப்பவர் இணைய இணைப்பைச் சந்தேகிப்பார்; கடவுச்சொல்லைச் சந்தேகிப்பார்.

உள்ளே நடப்பது வேறு. ஜாவாவில் எழுதிய சேவையாக இருந்தால் துப்புரவுப் பணியாளர் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருப்பார். மேசை மேசையாகப் பார்க்கிறார், எல்லாவற்றிலும் டிஷ்யூ. அவர் பெரிய அளவில் சுத்தம் செய்யும் வேளைகளில் மற்ற வேலைகள் நின்று காத்திருக்க வேண்டியிருக்கும். இதற்கு ஜாவா ஓர் எல்லை வைத்திருக்கிறது. அதன் ஒருவகைக் கலெக்டரில், நேரத்தில் 98 விழுக்காட்டுக்குமேல் துப்புரவுக்கே செலவாகி, மீட்கப்பட்ட இடம் 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே தொடர்ந்தால், இனி முயல்வதில் பயனில்லை என்று பிழை அறிவித்துவிடும். 98க்கு 2. உழைப்புக்கும் பலனுக்கும் உள்ள இடைவெளியை இவ்வளவு துல்லியமாக எண்ணில் எழுதி வைத்த விதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

லினக்ஸ் இயங்குதளம் இன்னும் கடுமையானது. கணினியின் மொத்த நினைவகமும் தீர்ந்து, வேறு வழியே இல்லாத நிலையில், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். அப்படிச் செத்த நிரல் பெரும்பாலும் 137 என்ற எண்ணை விட்டுச் செல்லும். 128உடன் 9ஐக் கூட்டினால் 137. கட்டாயமாக நிறுத்தும் கட்டளையின் எண் 9. யாரைக் கொல்வது என்பதை முக்கியமாக அளவை வைத்தே முடிவு செய்கிறது: அதிக நினைவகத்தைப் பிடித்திருப்பது யாரோ அவர். இதில்தான் சிக்கல். நிறைய வேலை செய்யும் நல்ல நிரல் இயல்பாகவே நிறைய நினைவகம் வைத்திருக்கும். மூலையில் ஓடும் சின்ன நிரல் ஒன்று நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கணினியை விளிம்புக்குத் தள்ளியிருக்கலாம். சாவது பெரிய நிரல். பிணத்தை மட்டும் ஆராய்ந்தால் குற்றவாளி கிடைக்கமாட்டார்.

மெய்நிகர்க் கணினிகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இரும்புப் பெட்டியில் உள்ளதைவிட அதிக நினைவகத்தை அதன் மெய்நிகர்க் கணினிகளுக்கு வாக்களித்து வைப்பது வழக்கம். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். கேட்டுவிட்டால்? விஎம்வேரின் விடை ஒரு பலூன். மெய்நிகர்க் கணினிக்குள் பலூன் என்ற சிறு நிரல் உட்கார்ந்திருக்கும். வெளியே பற்றாக்குறை வந்ததும் அது ஊதிப் பெருத்து, உள்ளே நினைவகத்தைக் கேட்டுப் பிடித்துக்கொள்ளும். பிடித்த இடத்தை வெளியே தேவைப்படும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002ல் இதை விளக்கி எழுதிய ஆய்வுக்கட்டுரை இத்துறையில் பெயர்பெற்றது. நமக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. நிர்வாகியில் கசிவே இல்லாவிட்டாலும் வெளியே உள்ள நெருக்கடியால் அது மூச்சுத் திணறலாம். ஆகவே சோதிப்பவர் உள்ளிருந்தும் பார்க்கவேண்டும், வெளியிலிருந்தும் பார்க்கவேண்டும்.

2012 அக்டோபர் 23, அதிகாலை 1 மணி

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே நாளில் கண்முன் நடந்ததற்கு ஓர் உதாரணம் உண்டு. இடம் அமெரிக்காவின் வடக்கு வெர்ஜீனியா. அமேசான் நிறுவனத்தின் மேகக் கணிமைப் பிரிவு அங்கே நடத்தும் பெரிய தரவு நிலையங்கள். இங்கே மெய்நிகராக்கப்பட்டது கட்டமைப்பு அல்ல, வன்தட்டு. இபிஎஸ் என்ற அந்தச் சேவை, வாடிக்கையாளரின் மெய்நிகர்க் கணினிக்கு ஒரு மெய்நிகர் வன்தட்டைக் கொடுக்கிறது. ஆனால் கோளாறின் வடிவம் ஒன்றேதான். அமேசானே பிறகு நேரத்தோடு விரிவாக எழுதி வெளியிட்டதால் நமக்கு நடந்தது தெரிகிறது. கீழே எல்லாவற்றையும் சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றியிருக்கிறேன்.

முந்திய வாரம் ஒரு சர்வர் பழுதானது. அது முக்கியமான சர்வர்கூட இல்லை. வன்தட்டுகளைத் தாங்கும் சேமிப்புச் சர்வர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன உதவி நிரல் ஓடும். பராமரிப்புக்குத் தேவையான விவரங்களைத் திரட்டி அனுப்புவது அதன் வேலை. அந்த விவரங்களைப் பெற்றுக்கொள்ளும் சர்வர்களில் ஒன்றுதான் பழுதானது. விவரம் தாமதமாக வந்தாலும், வராமலே போனாலும் பாதகமில்லை என்றே அமைப்பை வடிவமைத்திருந்தார்கள். பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். டிஎன்எஸ் என்னும் முகவரிப் புத்தகத்தில் புது முகவரியை எழுதினார்கள். அந்தப் புத்தகத்துக்கு உள்ளேயே பல பிரதிகள் உண்டு. எல்லாப் பிரதிகளுக்கும் திருத்தம் போய்ச் சேரவில்லை. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

விளைவாக, சேமிப்புச் சர்வர்களில் ஒரு பகுதி, இல்லாத சர்வரின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. தட்டுவதில் தவறில்லை. ஆனால் அந்த உதவி நிரலில் வெளிவராமல் ஒளிந்திருந்த ஒரு பிழை, இணைப்புக் கிடைக்காத ஒவ்வொரு முயற்சியிலும் கொஞ்சம் நினைவகத்தைத் தின்றது. விவரம் வராவிட்டாலும் பாதகமில்லை என்பதால் எந்த எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை. சர்வரின் மொத்த நினைவகத்தைக் கண்காணித்துத்தான் வந்தார்கள். ஆனால் அந்தச் சர்வர்கள் வாடிக்கையாளர் தகவலுக்காக, இருக்கும் நினைவகம் முழுவதையும் ஏற்றி இறக்கிப் பயன்படுத்துபவை. எப்போதும் நிரம்பியிருக்கும் கூட்டத்தில் எந்த நிரப்பல் ஆபத்தானது என்று எப்படிச் சொல்வது?

செவ்வாய் அதிகாலை 1 மணிக்கு, அங்கே திங்கள் பிற்பகல், சில வன்தட்டுகள் மெதுவாகின, சில அப்படியே நின்றன. அமைப்புக்கு ஒரு தற்காப்பு உண்டு: நலமில்லாத சர்வரில் உள்ளதை நலமான சர்வருக்கு மாற்றிவிடும். ஒரு சர்வர் கெட்டால் இது அருமையான ஏற்பாடு. ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் பல சர்வர்கள் கெட்டால், மாற்றிவைக்க நலமான சர்வர் எங்கே? மாற்றும் வேலையே பெரும் பாரமாகி, இன்னும் பல நின்றன. 2 மணிக்கு அந்தப் பகுதியில் ஏராளமான வன்தட்டுகள் செயலற்றுக் கிடந்தன. ரெடிட், ஃபோர்ஸ்குவேர் போன்ற பிரபல இணையத்தளங்கள் தடுமாறின.

2.10க்குப் பொறியாளர்கள் அந்தத் தற்காப்பின் வேகத்தைக் குறைத்தார்கள். மருந்தையே கொஞ்சம் நிறுத்திப் பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரம் இறங்கியது. 2.35 முதல் பல வன்தட்டுகள் தாமாகவே மீளத் தொடங்கின. 4.40க்குள் பாதிக்கப்பட்டவற்றில் ஏறத்தாழ 60 விழுக்காடு எழுந்துவிட்டது. கவனியுங்கள், இந்த நேரம்வரை மூலக் காரணம் யாருக்கும் தெரியாது. மாற்றும் வேலையும் மீட்கும் வேலையும் எழுப்பிய ஆரவாரத்தில் உண்மையான சத்தம் கேட்கவில்லை. 6.10க்குத்தான் உதவி நிரலின் கசிவைக் கண்டுபிடித்தார்கள். அந்த நிரல்கள் பிடித்து வைத்திருந்த நினைவகத்தை விடுவித்ததும் எஞ்சியவையும் எழுந்தன. 7.15க்கு, நாம் பள்ளியில் இருக்கும் வேளையில், ஏறக்குறைய எல்லாம் சரியாகிவிட்டது.

கண்டுபிடிக்க ஐந்து மணி நேரம் பத்து நிமிடம். கண்டுபிடித்தபின் சரிசெய்ய ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம். முதல் எண்ணைப் பார்த்து அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நின்றது வன்தட்டு. கசிந்தது விவரம் அனுப்பும் நிரல். தூண்டியது முகவரிப் புத்தகம். தொடங்கியது முந்திய வாரம் பழுதான ஒரு சர்வர். இவற்றில் எந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை.

தரையைப் பாருங்கள், உச்சியை அல்ல

அப்படியானால் கசிவை முன்கூட்டியே காண வழி உண்டா? உண்டு, அதற்குத் தேவையானது நீங்கள் கணிதப் பாடத்தில் படிக்கும் சாய்வுதான். நலமான ஜாவா சேவையின் நினைவகப் பயன்பாட்டை வரைபடமாக வரைந்தால் ரம்பத்தின் பற்கள்போல் இருக்கும். வேலை நடக்கும்போது ஏறும், துப்புரவு நடந்ததும் இறங்கும். உச்சி சில நாள் உயரும், சில நாள் தாழும். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது ஒவ்வொரு துப்புரவுக்குப் பிறகும் கோடு எங்கே வந்து நிற்கிறது என்பதை. அந்தத் தரை நாளுக்கு நாள் உயர்ந்தால் யாரோ டிஷ்யூ வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. 24 கிகாபைட் நினைவகம். இன்று தரை 9 கிகாபைட். அன்றாட வேலைக்கு அதன்மேல் 6 கிகாபைட் தேவை. தரை நாளொன்றுக்கு அரை கிகாபைட் உயர்கிறது. எத்தனை நாளில் சேவை விழும்? 24லிருந்து 9ஐக் கழித்து 30 நாள் என்று சிலர் எழுதுவார்கள். தவறு. வேலைக்கான 6 கிகாபைட்டையும் கழிக்கவேண்டும், 18 நாள். சரி, நினைவகத்தை இரட்டிப்பாக்கி 48 கிகாபைட் கொடுத்துவிட்டால்? 66 நாள். பணம் கொடுத்து 48 நாள்களை வாங்கியிருக்கிறோம், அவ்வளவுதான். நடப்பில் கசிவு இப்படி நேர்கோட்டில்தான் ஏறும் என்ற உறுதியும் இல்லை. அமேசான் சம்பவத்தில் அந்தத் திங்கள் காலைக்குள் நினைவகம் குறையும் வேகம் மிகவும் கூடிவிட்டிருந்தது.

உயர்வைக் கண்டபின் சேவையை உடனே அணைத்து முடுக்கத் தோன்றும். அதற்குமுன் ஒரு காரியம் செய்யவேண்டும். நினைவகத்தில் அந்த நொடியில் இருப்பது எல்லாவற்றையும் ஒரு கோப்பாக எழுதி வைத்துக்கொள்ள ஜாவாவில் வசதி உண்டு. நினைவகம் தீர்ந்து விழும் நொடியில் தானாகவே எழுதும்படியும் அமைத்து வைக்கலாம். அந்தக் கோப்பைப் பிறகு நிதானமாகத் திறந்து, எந்த வகைத் தகவல் குவிந்து கிடக்கிறது, அதை எந்தப் பட்டியல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்கலாம். கோப்பை எடுக்காமல் முடுக்கினால் அடுத்த 18 நாளைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். மூன்று நிர்வாகிகள் ஓடும் இடத்தில் இன்னொரு வசதி இருக்கிறது. மூன்றின் தரையும் ஒரே மாதிரி உயர்கிறதா, ஒன்றில் மட்டுமா? ஒன்றில் மட்டும் என்றால் அதற்கு மட்டும் என்ன வேறு வேலை வருகிறது என்று தேடலாம். அறிவியல் பாடத்தில் கட்டுப்பாட்டுச் சோதனை வைக்கிறோமே, அதேதான்.

கடைசியாக என்ன மாறியது என்ற கேள்வியையும் கேட்கவேண்டும். ஆனால் "கடைசியாக" என்பதை நேற்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1992ல் லண்டன் ஆம்புலன்ஸ் சேவை, அழைப்புகளைப் பெற்று வண்டிகளை அனுப்பும் வேலைக்குப் புதிய கணினி முறையைக் கொண்டுவந்தது. அக்டோபர் 26 முதலே அது பல காரணங்களால் குழப்பத்தில் இருந்தது. நவம்பர் 4 அதிகாலை 2 மணிக்குச் சற்றுப் பின் முறை மிகவும் மந்தமாகி, பிறகு அடியோடு உறைந்துவிட்டது. பணியாளர்கள் அணைத்து முடுக்கிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. உதவிக்கு வர வேண்டிய மாற்றுச் சர்வரும் கைகொடுக்கவில்லை. பழையபடி தாளுக்கும் தொலைபேசிக்கும் திரும்பினார்கள். விசாரணையில் தெரிய வந்த காரணம்: மூன்று வாரத்துக்குமுன் ஒரு திருத்தத்தின்போது நிரலில் விட்டுவைத்த சிறு துண்டு. ஒவ்வொரு முறை வண்டி அனுப்பும்போதும் சர்வரின் நினைவகத்தில் கொஞ்சத்தை எடுத்தது, திருப்பித் தரவில்லை. எத்தனை அழைப்புகள் வருகின்றனவோ அத்தனை வேகமாகக் கசிவு. அதாவது, எவ்வளவுக்கெவ்வளவு மக்களுக்கு அந்த முறை தேவைப்பட்டதோ, அவ்வளவுக்கவ்வளவு விரைவாக அது தன் முடிவை நெருங்கியது.

அமேசான் சம்பவத்துக்குப் பிறகு செய்யப்போவதாக அறிவித்த மாற்றங்களில் பிழை திருத்தமும் முகவரித் திருத்தங்கள் ஒழுங்காகப் போய்ச் சேருவதற்கான ஏற்பாடும் இருந்தன. எனக்குப் பிடித்தவை மற்ற இரண்டும். சர்வரின் மொத்த நினைவகத்தை மட்டும் பார்ப்பதற்குப் பதிலாக, அதில் ஓடும் ஒவ்வொரு நிரலும் எவ்வளவு வைத்திருக்கிறது என்று தனித்தனியாகப் பார்ப்பது. முக்கியத்துவம் குறைந்த நிரல்களுக்கு இத்தனைக்குமேல் இல்லை என்று உச்சவரம்பு போடுவது. வரம்பு இருந்திருந்தால் அந்த உதவி நிரல் தான் மட்டும் செத்திருக்கும்; வன்தட்டுகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

கம்ப்யூட்டிங் பாடம் எடுப்பவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பைத்தனில் இரண்டு சிறு நிரல்கள் எழுதுங்கள். ஒன்று, ஒரு நீண்ட சரத்தை உருவாக்கி, அதன் நீளத்தை அச்சிட்டு, மறந்துவிடட்டும். மற்றொன்று அதே வேலையைச் செய்துவிட்டு அந்தச் சரத்தை ஒரு பட்டியலிலும் சேர்த்து வைக்கட்டும். இரண்டையும் ஆயிரம் சுற்று ஓடவிடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் சரம் வேறுபட்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் பைத்தன் ஒரே சரத்தைத் திரும்பப் பயன்படுத்திவிடக்கூடும். பைத்தனோடு கூடவே வரும் டிரேஸ்மாலாக் என்ற கருவியைக் கொண்டு, நூறு சுற்றுக்கு ஒருமுறை பயன்பாட்டைக் குறித்து வரைபடம் வரையுங்கள். எந்த வரி அதிக நினைவகத்தைப் பிடித்திருக்கிறது என்பதையும் அதே கருவி காட்டும். இரண்டாவது நிரலில் அது காட்டும் வரி, சரத்தை உருவாக்கிய வரியா, பட்டியலில் சேர்த்த வரியா என்று கவனித்துப் பாருங்கள். சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்க ஆசை வந்தால், திறந்திருக்கும் மற்ற வேலைகளை முதலில் சேமித்துவிடுங்கள்.